சிலைக்கு வாய் தந்த கவிதை



அமெரிக்காவின் நியூயோர்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையின் படத்தைப் பார்த்திராதவர் நம்மிடையே மிகச் சிலரே. பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலோ சுவரில் தொங்கும் நாட்காட்டியிலோ அதைக் கண்டிருப்பீர்கள். உயர்த்திய வலது கையில் தீவட்டி, இடது கையில் ஒரு பலகை, தலையில் கதிர்கள் விரியும் முடி. வீடும் நாடும் இழந்து வருவோரை அழைத்து அணைக்கும் ஒரு தாயாகவே உலகம் இன்று அவளைக் காண்கிறது.

ஆனால் அச்சிலையைச் செய்தவர்கள் இந்த எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? செம்பினால் ஆன அந்த உருவத்துக்கு இந்தப் பொருளைக் கொடுத்தது ஒரு கவிதை. பதினான்கே வரிகள் கொண்ட சிறு கவிதை. எழுதியவர் அப்போது 34 வயதான ஒரு பெண்.

இவ்வாரம் அக்கவிதையின் கதையையே நம் பாடமாக எடுத்துக்கொள்வோம். "எங்கோ இருக்கும் நியூயோர்க் சிலைக்கும் யட்டவத்தத் தோட்டத்து லயத்துக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களின் பூட்டன், பூட்டிமாரும் கடல் கடந்து வந்தவர்களே. அவர்களும் ஒரு துறையில் இறங்கினார்கள். ஒரு முகாமில் சோதிக்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றியும் ஒரு கவிதை உண்டு. இல்லாதது சிலை ஒன்றுதான்.

சிலை வந்த கதை

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் 1865-ஆம் ஆண்டு முடிந்தது. அந்நாட்டின் சுதந்திரத்தைப் போற்ற ஒரு நினைவுச் சின்னம் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் பிரெஞ்சு அறிஞர் லபுலே என்பவருடைய உள்ளத்தில் உதித்தது. சிற்பி பார்த்தோல்டி அதற்கு உருவம் கொடுத்தார். பாரிஸ் நகரக் கோபுரத்தைப் பின்னர் கட்டிய ஈபல் என்ற பொறியியலாளர் சிலைக்குள்ளே நிற்கும் இரும்புச் சட்டத்தை அமைத்தார். காலடியிலிருந்து தீவட்டி வரை 151 அடி உயரம். அதற்கு அவர்கள் இட்ட பெயர், உலகுக்கு ஒளி தரும் சுதந்திரம் என்று பொருள்படுவது. காலடியில் அறுந்து கிடக்கும் சங்கிலி அடிமைத்தனம் ஒழிந்ததைக் குறித்தது. கப்பலில் வந்திறங்கும் ஏழைகளைப் பற்றிய பேச்சு அதில் எங்கும் இல்லை.

சிலை பிரெஞ்சு மக்களின் அன்பளிப்பு. அது நிற்பதற்கான பீடத்தை அமெரிக்கர்களே கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பணம் சேரவில்லை. கடைசியில் புலிட்சர் என்ற பத்திரிகை அதிபர் தம் பத்திரிகையின் வாயிலாக மக்களிடம் கை நீட்டினார். அவரும் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்து குடியேறியவரே. 1885-ஆம் ஆண்டு, ஐந்தே மாதங்களில், ஒரு லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களும் ஒரு லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ஒரு டொலருக்கும் குறைவாகக் கொடுத்த எளியவர்கள். சேமிப்பு உண்டியலை உடைத்துக் கொடுத்த பிள்ளைகளும் அவர்களில் அடக்கம்.

பீடத்துக்காக ஒரு கவிதை

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1883-இல், பீட நிதிக்காக நியூயோர்க்கில் ஒரு கலைக் கண்காட்சி நடந்தது. எழுத்தாளர்கள் தம் கைப்பிரதிகளை ஏலத்துக்குக் கொடுத்தார்கள். எம்மா லாசரஸ் என்ற கவிஞரிடமும் கேட்டார்கள். அவர் நியூயோர்க்கில் வசதியான யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். கேட்டவுடன் எழுதிக் கொடுக்கத் தம்மால் இயலாது என்று முதலில் மறுத்துவிட்டார். அப்போது சக எழுத்தாளர் ஒருவர், வார்ட்ஸ் தீவில் நீங்கள் சந்திக்கும் அந்த அகதிகளை நினைத்துப் பாருங்கள் என்று சொன்னார். அந்தச் சொல் வேலை செய்தது.

யார் அந்த அகதிகள்? 1881-இல் ரஷ்யப் பேரரசர் கொலையுண்டதைத் தொடர்ந்து அங்கு யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. வீடுகள் கொளுத்தப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. கலவரம் என்றால் என்னவென்று 1977-லும் 1983-லும் கண்ட மாத்தளைத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயிர் தப்பி நியூயோர்க் வந்தவர்களில் பலர் வார்ட்ஸ் தீவுக் கொட்டகைகளில் தங்க வைக்கப்பட்டனர். எம்மா அங்கு போய் அவர்களுக்கு உதவி செய்துவந்தார். ஆகவே அவர் எழுதியது வெறும் கற்பனையில் பிறந்ததன்று. தாம் கண்ட முகங்களை நினைத்தே எழுதினார்.

கவிதையின் கருத்து இதுதான். பழங்காலத்தில் கிரேக்க நாட்டு றோட்ஸ் தீவின் துறைமுகத்தில் சூரிய தேவனின் மாபெரும் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. பகைவரை விரட்டிய வெற்றியின் சின்னம் அது. ஐம்பது அறுபது ஆண்டுகள்கூட நிற்காமல் நிலநடுக்கத்தில் வீழ்ந்தது. அத்தகைய வெற்றி வீரனின் சிலை எங்களுக்கு வேண்டாம் என்கிறார் எம்மா. விளக்கேந்திய ஒரு பெண்ணை அவர் அந்த இடத்தில் நிறுத்துகிறார். நாடற்றவர்களுக்குத் தாய் என்று அவளுக்குப் பெயரிடுகிறார். பழைய நாடுகளின் ஆடம்பரமும் புகழும் தனக்கு வேண்டாம். அந்நாடுகள் வேண்டாமென்று தள்ளிய ஏழைகளும் களைத்தவர்களும் தன்னிடம் வரட்டும் என்று அந்தத் தாய் பேசுகிறாள்.

ஏலம் முடிந்தது. கவிதையின் வேலையும் அத்தோடு முடிந்துவிட்டதாகவே எல்லாரும் எண்ணினர்.

மறக்கப்பட்டு மீண்ட கவிதை

1886-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் சிலை திறக்கப்பட்டது. நாட்டுத் தலைவர் கிளீவ்லண்ட் பேசினார். பெரியவர்கள் பலர் பேசினார்கள். எம்மாவின் கவிதையை எவரும் வாசிக்கவில்லை. மறு ஆண்டு நவம்பர் மாதம் எம்மா நோயுற்று இறந்தார். வயது 38. தம் வரிகள் சிலையோடு சேரும் என்பதை அறியாமலே அவர் கண்ணை மூடினார்.

பல ஆண்டுகள் கழித்து அவருடைய தோழியான ஜோர்ஜினா ஸ்கைலர் அக்கவிதையைத் தேடியெடுத்தார். அதை ஒரு வெண்கலத் தகட்டில் பொறித்துச் சிலையின் பீடத்துக்குள் பதிப்பிக்க முயற்சி எடுத்து, 1903-இல் அதைச் செய்தும் முடித்தார். எழுதி இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே கவிதை சிலையிடம் வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் சிலைக்கு அருகிலுள்ள எல்லிஸ் தீவில் 1892 ஜனவரி முதல் நாள் குடியேற்றச் சோதனை நிலையம் திறக்கப்பட்டிருந்தது. அது 1954-இல் மூடப்படும் வரை ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அதன் வழியாக நாட்டுக்குள் போனார்கள். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது அவர்கள் முதலில் கண்டது அந்தச் சிலையை. அடுத்துக் கண்டது வைத்தியர்களை. இமையைத் திருப்பிக் கண்ணைப் பார்ப்பார்கள். நோய் என்று ஐயம் எழுந்தால் மேற்சட்டையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து எழுதுவார்கள். அந்த எழுத்தைக் கண்டு நடுங்கிய தாய்மார் எத்தனையோ பேர்.

இந்த ஏழைகளுக்காகவே நியூயோர்க்குக்கு வந்த ஒரு கன்னியரையும் இங்கு நினைக்க வேண்டும். இத்தாலி நாட்டுப் புனித பிரான்சிஸ் சவேரியார் கபிரினி அம்மையார் சீன நாட்டுக்குப் போக விரும்பியவர். மேற்கே போகும்படி திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் பணித்தார். 1889 மார்ச் மாதக் கடைசி நாள் அவர் ஆறு சகோதரிகளுடன் வந்திறங்கியபோது, அவர்களுக்கென்று சொல்லப்பட்ட வீடுகூட ஆயத்தமாக இருக்கவில்லை. திரும்பிப் போகும்படி சொன்னவர்களும் உண்டு. அவர் போகவில்லை. அனாதை இல்லங்கள், பள்ளிகள், வைத்தியசாலைகள் என 67 நிறுவனங்களை அவர் உண்டாக்கினார். 1946-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1950-இல் குடியேறுவோரின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார். எம்மா எழுத்தில் சொன்னதைக் கபிரினி அம்மையார் அடுப்படியிலும் நோயாளியின் கட்டிலருகிலும் செய்து காட்டினார்.

கவிதை ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம்

இதுவரை படித்துவிட்டு, அமெரிக்கா எல்லாரையும் வரவேற்ற நாடு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உண்மை வேறு விதமானது. எம்மா அக்கவிதையை எழுதியதற்கு முந்திய ஆண்டு, 1882-இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அது நீங்க 1943 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1917-இல் வந்த சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளுக்குக் கதவை அடைத்தது. 1924-இல் வந்த சட்டம் கிழக்கு ஐரோப்பியரையும் தெற்கு ஐரோப்பியரையும் பெருமளவில் குறைத்தது. எம்மா கண்ட அந்த யூத அகதிகளைப் போன்றவர்களும் அதில் அடக்கம்.

கவிதை பீடத்தில் இருந்தது, கதவு சாத்தியிருந்தது. அப்படியானால் கவிதை பொய்யா? இல்லை. சட்டத்தை மாற்ற வேண்டும் என்று போராடியவர்கள் அந்த வரிகளையே கையில் எடுத்தார்கள். நீ சொன்ன வாக்கு இது அல்லவா என்று நாட்டைப் பார்த்துக் கேட்டார்கள். 1965 அக்டோபர் 3-ஆம் நாள், நாட்டுவாரியான பழைய பாகுபாட்டை நீக்கும் புதிய சட்டத்தில் நாட்டுத் தலைவர் ஜோன்சன் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட இடம் அச்சிலையின் காலடியே. இன்று அமெரிக்காவில் வாழும் தமிழர் பலர் அச்சட்டம் திறந்த வழியாகப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே.

இங்கே நமக்கு முதற் பாடம் கிடைக்கிறது. நல்ல சொல் ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டதால் நாடு நல்லதாகிவிடாது. ஆனால் அந்தச் சொல் அங்கே இருக்கும் வரை நாடு நிம்மதியாகத் தவறு செய்யவும் முடியாது.

நமது துறைமுகம்

இப்போது நம் பக்கம் திரும்புவோம். கம்பளைக்கு அருகே 1820-களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது ஆட்கள் தேவைப்பட்டார்கள். தமிழகத்தின் மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டினார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். காடு, தண்ணீரின்மை, வாந்திபேதி, காய்ச்சல். வழியிலேயே விழுந்து இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். காடு முடிந்து மலை தொடங்கும் இடமாக அவர்கள் கண்ட ஊர் மாத்தளை. இன்று சிறப்புற்று விளங்கும் முத்துமாரியம்மன் கோயிலின் தொடக்கத்தையும் அந்த வழிநடைக்காரரோடு சேர்த்தே மரபு பேசுகிறது. கோப்பி அழிந்த பின் தேயிலையும், மாத்தளைப் பக்கத்தில் இறப்பரும் கொக்கோவும் வந்தன. யட்டவத்தப் பகுதியின் தோட்டங்களும் இக்கைகளால் வளர்ந்தவையே.

எல்லிஸ் தீவுக்கு ஈடான இடமும் நமக்கு உண்டு. இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் உள்ள மண்டபம் முகாமே அது. இந்திய மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசு. தோட்டத்துக்கு வருவோரைச் சில நாள் அங்கே நிறுத்தி, நோய் உண்டா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரத் தகடு கழுத்தில் தொங்கியது. அங்கே மேற்சட்டையில் சுண்ணக்கட்டி எழுத்து. இங்கே கழுத்தில் தகரத் தகடு. மனிதனை எண்ணாக்கும் வழக்கம் எல்லாத் துறைமுகங்களிலும் ஒன்றுதான்.

அழைத்தார்கள், ஏற்கவில்லை

நம் முன்னோர் உழைப்புக்காக அழைக்கப்பட்டார்கள். ஆனால் குடிமக்களாக ஏற்கப்பட்டார்களா? 1947-இல் நடந்த பொதுத் தேர்தலில் தோட்ட மக்களின் வாக்கினால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். 1949-இல் வாக்குரிமையும் போனது.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. 1974-இல் அந்த மீதியும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அக்காலத்தில் கோச்சி புறப்படும் ஸ்டேசன்களில் எழுந்த அழுகுரலை முதியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். போனவர்கள் இறங்கிய இடம் எது? அதே மண்டபம் முகாம். பாட்டன் கழுத்தில் தகடு கட்டி அனுப்பிய இடத்துக்கே பேரன் கையில் காகிதத்தோடு போய்ச் சேர்ந்தான். 1983-க்குப் பின் போரினால் ஓடியவர்களும், 2022-இல் பொருளாதார நெருக்கடியால் படகேறியவர்களும் அங்கேதான் போய்த் தங்கினார்கள்.

சிலை இல்லாத கவிதை

1947-இல் பாராளுமன்றம் போன எழுவரில் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர். தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர். மக்களின் உரிமை பறிபோன பின் 1952-இல் நடந்த சத்தியாக்கிரகத்திலும் பங்குகொண்டவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை 1954-இல் நூலாயிற்று. சக்தீ பாலஐயா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் தமிழாக்கினார்.

அக்கவிதையின் பேச்சு என்ன? விடியுமுன் தப்பு ஒலிக்கிறது. பெண்கள் கூடையோடு மலை ஏறுகிறார்கள். அந்த மலையை மலையாக்கியவர்கள் அங்கேயே மண்ணாகிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு நினைவுக்கல் நாட்ட எவரும் முன்வரவில்லையே என்பதே அதன் அடிநாதமான துயரம். எம்மாவின் கவிதை நிற்கப்போகும் ஒரு சிலைக்காக எழுதப்பட்டது. வேலுப்பிள்ளையின் கவிதை, நிற்காத ஒரு சிலையைப் பற்றி எழுதப்பட்டது. அங்கே கவிதை சிலைக்கு வாய் தந்தது. இங்கே கவிதையே சிலையாக நின்றது. எம்மா கரையில் நின்று வருவோரைப் பார்த்தவர். வேலுப்பிள்ளை வந்தவர்களின் பிள்ளை.

அவருடைய கவிதையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் 1984-இல் காலமானார். நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் 35-ஆம் இலக்கச் சட்டம் 2003-இல் வந்தது. 1948-இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள். 2023-இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, ஜூலை 28-ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12-ஆம் நாள் மாத்தளை வரை மக்கள் நடந்தே வந்தார்கள். முன்னோர் விழுந்து கிடந்த அதே வழி. இம்முறை வழிநெடுகச் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் தண்ணீர் தந்து அவர்களை வரவேற்றனர்.

திறந்த கதவுகளும் உண்டு

இந்த மண் வந்தவர்களைத் தள்ளியே பழகியது என்று சொல்வது நீதியாகாது. மாத்தளை மாவட்டத்திலேயே வஹாகோட்டை புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. போர்த்துக்கேயப் போர்க் கைதிகளைக் கண்டி அரசர் குடியேற்றிய ஊர் அது என்பது மரபு. தம்மோடு போரிட்டவர்களுக்கே நிலம் கொடுத்து, அவர்களுடைய வேதத்தை அவர்கள் கைக்கொள்ள விட்ட அரசு அது. கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது அவர்கள் அடைக்கலம் தேடியதும் கண்டி இராச்சியத்தில்தான்.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரும் அயலவரே. கோவாவிலிருந்து 1687-இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். 1692-இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சிறையிலிடப்பட்டார். பின்னர் பௌத்தரான அரசர் இரண்டாம் விமலதர்மசூரியனே அவரை விடுவித்து, நாடெங்கும் மறைபணி செய்ய இடம் கொடுத்தார். அயலவரை ஏற்ற ஓர் அரசரின் தாராளத்தால் நம் விசுவாசம் இந்நாட்டில் பிழைத்தது. இதைக் கத்தோலிக்கர் மறக்கலாமா?

திருச்சபை காட்டும் வழி

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1952-இல் குடிபெயர்ந்தோரைப் பற்றி ஒரு முக்கிய ஏட்டை வெளியிட்டார். ஏரோதனுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று அதில் காட்டினார். சூசையப்பரும் மரியன்னையும் குழந்தை இயேசுவும் அந்நிய நாட்டில் யாருடைய திண்ணையிலோ தங்கித்தான் இருப்பார்கள். அந்தத் திண்ணைக்காரரின் பெயரை விவிலியம் சொல்லவில்லை. ஆனால் அவர் கதவைத் திறந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இறுதித் தீர்ப்பு நாளில் அந்நியனை ஏற்றாயா என்ற கேள்வி நம்மிடம் கேட்கப்படும் என்று ஆண்டவரே மொழிந்திருக்கிறார்.

நம் மொழியும் இதையே கற்பிக்கிறது. விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. அப்படியானால் விருந்தினர் என்பவர் யார்? முன்பின் அறியாத புதியவர். திருமணத்துக்கு வரும் சொந்தக்காரருக்குச் சோறு போடுவது உறவுக்கடன். புதிதாக வந்தவருக்குப் போடுவதே விருந்தோம்பல். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார்.

இன்று நம் பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறார்கள். அங்கே எவராவது அவர்களை மனிதராக மதித்துக் கதவைத் திறக்க வேண்டும் என்று நாம் செபமாலை சொல்லி மன்றாடுகிறோம். அதே நேரத்தில் நம் லயத்துக் கடைசிக் காம்பராவுக்குப் புதிதாக வந்த குடும்பத்தை எப்படி நடத்துகிறோம்? அவர்கள் எந்தச் சாதி, எந்த வேதம், எந்த ஊர் என்று விசாரித்த பின்புதான் தண்ணீர் கொடுக்கிறோமா? நாடு நம்மை எண்ணாகப் பார்த்தது என்று வருந்தும் நாம், அடுத்தவரை என்னவாகப் பார்க்கிறோம்? அமெரிக்கச் சிலையைக் கேட்ட கேள்வி நம் வாசற்படியையும் கேட்கிறது.

குடும்பத்தில் கலந்து பேச

இரவுச் செபம் முடிந்தபின் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்து இவற்றைப் பேசிப் பாருங்கள்.

1. நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து, யார் காலத்தில், எந்த வழியாக இங்கே வந்தது? பாட்டி தாத்தா உயிரோடிருந்தால் இன்றே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எம்மாவின் கவிதை ஒரு தோழியின் முயற்சியால் பிழைத்தது. உங்கள் வீட்டுக் கதையைப் பிழைக்க வைக்க உங்களை விட்டால் ஆளில்லை.

2. பழைய பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ், குடியுரிமைக் காகிதம், தோட்டத் துண்டு ஏதேனும் பெட்டியில் உண்டா? கறையான் தின்ன விடாதீர்கள். அவை நம் முன்னோரின் நினைவுக்கல்.

3. கடந்த ஓராண்டில் நம் தோட்டத்துக்கோ தெருவுக்கோ புதிதாக வந்தவர் யார்? அவர்கள் வீட்டுக்கு நாம் ஒரு தடவையாவது போனோமா?

4. வெளிநாட்டில் வேலை செய்யும் தாயோ தந்தையோ உள்ள பிள்ளை நம் அயலில் உண்டா? அப்பிள்ளைக்கு ஒரு நேரச் சோறும் பாடம் படிக்க ஒரு விளக்கும் நம் வீட்டில் கிடைக்குமா?

குடிபெயர்ந்தோருக்கும் அகதிகளுக்குமான உலக நாளைத் திருச்சபை பொதுவாகச் செப்டெம்பர் மாதக் கடைசி ஞாயிறன்று கொண்டாடுகிறது. அந்த நாளுக்குள் மேலே சொன்ன நான்கில் ஒன்றையாவது செய்து முடிக்கத் தீர்மானம் எடுங்கள். கோடிக்கணக்கில் செலவழித்துச் சிலை எழுப்ப நம்மால் இயலாது. சாயங்காலத்தில் வாசலில் ஒரு விளக்கு வைக்கவும், வந்து நிற்பவரை உள்ளே வாருங்கள் என்று அழைக்கவும் லயத்துக் காம்பராவில் வாழ்பவராலும் இயலும். அந்த அழைப்பைச் சொல்லும் வாய் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.